பிரின்ஸ்டன் ஜங்ஷன் பக்கம் வாடகையா, சொந்த வீடா? டாலஸிலிருந்து வருகிறவருக்கு ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டது இது: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறீர்கள், கணவருக்கு மன்ஹாட்டனில் வேலை கிடைத்திருக்கிறது, வாரம் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும், உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை, மகளுக்கு வருகிற செப்டம்பரில் கிண்டர்கார்டன். தெரிந்தவர்கள் எல்லோரும் நியூ ஜெர்சியில் வெஸ்ட் விண்ட்சர்–ப்ளெயின்ஸ்பரோ பக்கம் போகச் சொல்கிறார்கள். வாடகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வாடகை கொடுப்பதற்கு ஒரு வீட்டையே வாங்கிவிடலாமே, அது ஏன் இந்த ஊரில் மட்டும் இப்படி?" என்று கேட்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், வாங்காதீர்கள், குறைந்தது இரண்டு வருடம் ஒரு பழைய அபார்ட்மென்டில் வாடகைக்கு இருங்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை. நான் ரியல்டர் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்குகிறவனும் இல்லை. இந்தப் பக்கம் பல வருடம் வாடகைக்கு இருந்து அப்புறம் வாங்கியவன், டவுன்ஷிப் பிளானிங் போர்டு (ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று முடிவு செய்யும் குழு) கூட்டங்களில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கேட்கிற கெட்ட பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

முதலில் முகவரிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் "பிரின்ஸ்டன், நியூ ஜெர்சி" என்று போட்டிருந்தால் அந்த வீடு பிரின்ஸ்டனில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தபால் முகவரி ஒன்று, வரி கட்டும் முனிசிபாலிட்டி இன்னொன்று, பள்ளி மாவட்டம் மூன்றாவது. பிரின்ஸ்டன் தபால் முகவரியோடு சவுத் பிரன்ஸ்விக், ஃபிராங்க்ளின், மான்ட்கோமரி, லாரன்ஸ், ப்ளெயின்ஸ்பரோ என்று பல டவுன்ஷிப்களில் வீடுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு பள்ளிக்கூடம், வேறு வரி. வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டியில் இருக்கிறது, ப்ளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பள்ளி மாவட்டம். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் இருப்பது வெஸ்ட் விண்ட்சருக்குள். எந்த வீட்டைப் பார்த்தாலும் ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு, அந்த வீட்டின் வரிப் பதிவில் எந்த முனிசிபாலிட்டி என்று பாருங்கள், அப்புறம் பள்ளி மாவட்டத்தையே நேரடியாகக் கேளுங்கள்.

சரி, வாடகை. ப்ளெயின்ஸ்பரோவில் ஃபாக்ஸ் ரன், ஹன்டர்ஸ் க்ளென், ரேவன்ஸ் க்ரெஸ்ட் போன்ற பழைய, பெரிய அபார்ட்மென்ட் வளாகங்கள் இருக்கின்றன. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரில் முதல் வீடு அங்கேதான். அங்கெல்லாம் இரண்டு பெட்ரூம் சுமார் 2,300-லிருந்து 2,800 டாலர் வரை போகும். ரயில் நிலையத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டியிருப்பவற்றில் அதே இரண்டு பெட்ரூம் 3,000-ஐத் தாண்டும். தனியார் வைத்திருக்கும் மூன்று பெட்ரூம் டவுன்ஹவுஸ் (பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) என்றால் 3,500-க்குக் கீழே கிடைத்தால் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம், 4,000 சாதாரணம். வளாகங்கள் பெரும்பாலும் மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2,600 வாடகைக்கு மாதம் 7,800, அதாவது வருடம் 93,600 டாலர் வரிக்கு முந்தைய வருமானம். உங்கள் இருவருக்கும் அது பிரச்சினை இல்லை, யாருக்குப் பிரச்சினை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஃபாக்ஸ் ரன்னில் 2,500 கொடுக்கிறவரின் பிள்ளையும், வெஸ்ட் விண்ட்சரில் பன்னிரண்டு லட்சம் டாலர் வீட்டில் இருப்பவரின் பிள்ளையும் ஒரே பள்ளி மாவட்டம். இந்த ஊரில் எல்லோரும் விலை கொடுப்பது அந்தப் பள்ளிக்கூட எல்லைக்கோட்டுக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம், ரூட் 130 தாண்டி ஈஸ்ட் விண்ட்சரில் அதே வயது, அதே அளவு டவுன்ஹவுஸ் கணிசமாகக் குறைவு. ஹாமில்டன் இன்னும் குறைவு, அங்கே சொந்தமாக ஒரு ரயில் நிலையம் வேறு இருக்கிறது, நியூயார்க் போகிற அதே நார்த்ஈஸ்ட் காரிடார் லைன். செங்கலும் மரமும் ஒன்றுதான், வேலைக்கு வருகிற பிளம்பரும் ஒன்றுதான். அந்தக் கோட்டுக்குள் நுழைய இருப்பதிலேயே மலிவான வழி பழைய வளாகத்தில் ஒரு லீஸ். இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கணக்கு எளிது.

"வாடகை வீண், இஎம்ஐ சொத்து" என்று நம் ஊரில் பழகிய கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 8,50,000 டாலருக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் அது மாளிகை இல்லை, ஒரு நல்ல டவுன்ஹவுஸ் அல்லது எழுபது எண்பதுகளில் கட்டிய, சமையலறையை மாற்ற வேண்டிய தனி வீடு. 20 சதவீதம் டவுன்பேமென்ட் (கையிலிருந்து போடும் முன்பணம்) 1,70,000. மீதி 6,80,000-க்கு 30 வருட மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்), 6.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 4,300. ப்ராப்பர்டி டேக்ஸ் (சொத்து வரி) வருடம் 17,000 என்று வைத்தால் மாதம் 1,400-க்கு மேல். இன்ஷூரன்ஸ் ஒரு 180. கிட்டத்தட்ட 5,900. இதே மாதிரி வீடு வாடகைக்கு 4,000 அல்லது கொஞ்சம் கூட.

"சரி, அதிகமாகக் கட்டும் 1,900-ம் நம் சொத்தில்தானே சேர்கிறது?" என்பீர்கள். முதல் மாதத் தவணை 4,300-ல் வட்டி மட்டும் சுமார் 3,680. அசலுக்குப் போவது 600 சொச்சம். வட்டி, வரி, இன்ஷூரன்ஸ் மூன்றும் திரும்பி வராத பணம். அதோடு வீட்டு விலையில் வருடத்துக்கு ஒரு சதவீதம் பராமரிப்பு என்று வைத்தால் மாதம் 700 (கூரை, பாய்லர், டெக், பனி, மரம் விழுவது, டெக்சாஸில் ஆலங்கட்டி மழை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை). ஆக சுமார் 6,000 டாலர் மாதாமாதம் காற்றில் போகிறது, வாடகையில் 4,000 போகிறது. டவுன்பேமென்ட் பணத்தை நான்கு சதவீதத்தில் சும்மா போட்டுவைத்திருந்தால் வரக்கூடிய மாதம் 560 டாலரை இதில் நான் சேர்க்கவே இல்லை. எச்ஓஏ (குடியிருப்போர் சங்க மாதக் கட்டணம்) இருக்கிற டவுன்ஹவுஸ் என்றால் அது தனி.

வரிச்சலுகை கொஞ்சம் உதவும், அதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய வருமான வரியில் மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 2017 சட்டம் 10,000 டாலர் உச்சவரம்பு வைத்தபோது நியூ ஜெர்சிக்காரர்கள் வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. 2025-ல் அதை 40,000 ஆக்கியிருக்கிறார்கள், வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் குறையத் தொடங்கும். முதல் வருட வட்டி 44,000-ஐ ஒட்டி வரும், அதோடு ப்ராப்பர்டி டேக்ஸும் மாநில வருமான வரியும் சேர்த்தால் ரசீது காட்டாமலே எல்லோருக்கும் கிடைக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை (2025-ல் தம்பதிக்கு 31,500) தாராளமாகத் தாண்டுவீர்கள். அதனால் 6,000 என்பது கொஞ்சம் இறங்கும். ஆனாலும் வாடகையை எட்டாது.

அப்படியானால் வாங்கினவர்கள் எல்லாம் முட்டாள்களா? இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 2020, 2021-ல் மூன்று சதவீத வட்டிக்குக் கீழே வாங்கியவர்கள் அல்லது ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் (பழைய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டவர்கள்). அதே 6,80,000 கடனுக்கு மூன்று சதவீதத்தில் தவணை சுமார் 2,870. உங்களுக்கும் அவர்களுக்கும் மாதம் 1,400 டாலர் வித்தியாசம், ஒரே தெரு, ஒரே வீடு. ஆக உங்கள் நண்பர் "வாங்கிடுங்க, நாங்க வாங்கினதுதான் வாழ்க்கையிலேயே நல்ல முடிவு" என்று சொன்னால் அது அவருக்கு உண்மை. எந்த வருடம் வாங்கினார், என்ன வட்டி என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இன்னொரு பக்கம், அவர்கள் அந்த வட்டியை விட்டுவிட்டு வெளியே வரமாட்டேன் என்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபிறகு வீட்டை விற்றுவிட்டுச் சின்ன இடத்துக்குப் போவது முன்பெல்லாம் இந்த ஊரின் வழக்கம், அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் வீடுகள் வரும். இப்போது அது வறண்டுவிட்டது. வருகிற ஒன்றிரண்டுக்கும் ஒரு சனி, ஞாயிறு ஓபன் ஹவுஸ், திங்கட்கிழமை இரவுக்குள் "ஹையஸ்ட் அண்ட் பெஸ்ட்" (உங்களால் முடிந்த கடைசி விலை) கேட்கிறார்கள், கேட்ட விலைக்கு மேலே போகிறது. வட்டி ஏறியும் விலை இறங்காததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இப்போது ப்ராப்பர்டி டேக்ஸ். நீங்கள் டெக்சாஸ்காரர் என்பதால் இது உங்களை அதிர வைக்காது, ஆனால் வேலை செய்கிற விதம் வேறு. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி வரி 2024-ல் முதல்முறையாக 10,000 டாலரைத் தாண்டியது, அது மாநிலம் முழுக்கச் சேர்த்த சராசரி. இந்தப் பக்கம் 12,000-க்குக் குறைந்து தனி வீடு பார்ப்பது கஷ்டம், 20,000-ஐ யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மாநில அளவில் இதில் பாதிக்குச் சற்று மேல் பள்ளிகளுக்குப் போகிறது. டெக்சாஸில் வருமான வரி இல்லை, இங்கே அதுவும் உண்டு. கணவர் நியூயார்க்குக்கு மாநில வரி கட்டுவார், நியூ ஜெர்சி அதற்குக் கிரெடிட் கொடுக்கும். அவர் வீட்டிலிருந்து வேலை செய்கிற இரண்டு நாட்களையும் நியூயார்க் பொதுவாகத் தன் கணக்கில்தான் எழுதும். நியூயார்க் நகர வரி மட்டும் வெளியூர்க்காரர்களுக்குக் கிடையாது. வாடகையை டாலஸோடு ஒப்பிடும் முன்னால் கையில் வரும் சம்பளத்தை ஒப்பிடுங்கள்.

டெக்சாஸில் மதிப்பீடு ஏறினால் வரி ஏறும் என்று பயப்படுவீர்கள், ஹோம்ஸ்டெட் உச்சவரம்பு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பீடு வருடம் எவ்வளவு ஏறலாம் என்ற வரம்பு) பார்ப்பீர்கள். இங்கே ஊர் முதலில் பட்ஜெட் போடுகிறது, எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது, அப்புறம் அதை எல்லா வீடுகளுக்கும் மதிப்புக்கு ஏற்றபடி பிரிக்கிறது. எல்லோர் மதிப்பும் ஒரே மாதிரி இரட்டிப்பானால் உங்கள் வரி அப்படியேதான் இருக்கும், உங்கள் தெரு மட்டும் மற்றத் தெருக்களைவிட அதிகம் ஏறினால்தான் அடி. மொத்த வசூல் வருடம் இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று 2011-லிருந்து ஒரு வரம்பு உண்டு, அதிலும் ஓட்டைகள் உண்டு. வாங்கும்போது பழைய ஓனர் கட்டும் வரியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், ஊரில் கடைசியாக எப்போது ரீவேல்யுவேஷன் (எல்லா வீடுகளின் மறுமதிப்பீடு) நடந்தது என்று கேளுங்கள்.

இந்த வரிதான் "ஏன் இன்னும் வீடு கட்டமாட்டேன் என்கிறார்கள்" என்ற கேள்விக்கும் பதில், இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த, அதே அளவு எரிச்சலூட்டுகிற விஷயமும் இதுதான். பள்ளிச் செலவு உள்ளூர் வரியிலிருந்து வருகிறது. ஒரு மூன்று பெட்ரூம் வீடு வந்தால் கூடவே இரண்டு பிள்ளைகள் வரும், அந்த வீடு கட்டும் வரியைவிடப் பள்ளிச் செலவு கூட என்பது ஊர்களின் கணக்கு. ஒரு ஆபீஸ் கட்டடமோ கிடங்கோ வந்தால் வரி வரும், பிள்ளை வராது. அதனால் ஊர்கள் ஆபீஸுக்கும் கிடங்குக்கும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்புக்கும் சந்தோஷமாக அனுமதி கொடுக்கின்றன. இளம் குடும்பம் தங்கக்கூடிய அபார்ட்மென்ட் என்றால் போக்குவரத்து நெரிசல், ஈரநிலம், ஊரின் அழகு எல்லாம் திடீரென்று ஞாபகத்துக்கு வரும். ரூட் 1 நெடுக வேலை வேலையாக உருவாக்குவார்கள், அந்த வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தூங்குவார்கள் என்பது பக்கத்து ஊரின் பாடு. கூட்டங்களில் பேசுகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்து வருடம் முன்னால் அபார்ட்மென்டில் இருந்தவர், இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு "அபார்ட்மென்ட் வந்தால் ஸ்கூல் தரம் போய்விடும்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இதற்கு எதிராக நியூ ஜெர்சியில் ஒரு சட்டப் போராட்டம் ஐம்பது வருடமாக நடக்கிறது. மவுண்ட் லாரல் என்ற ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கேயே தங்கள் வசதிக்கேற்ற வீடு கட்டிக்கொள்ள முடியாதபடி ஊர் மண்டலச் சட்டம் (எந்த நிலத்தில் எந்த மாதிரிக் கட்டடம் வரலாம் என்ற உள்ளூர்ச் சட்டம்) தடுத்தது. எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்னின்ற வழக்கில், வளரும் ஒவ்வொரு ஊரும் எளிய வருமானக்காரர்களுக்கான வீட்டுக்கு நியாயமான பங்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்புச் சொன்னது. ஊர்கள் அசையவில்லை. 1983-ல் மறுபடி தீர்ப்பு, இம்முறை பல்லோடு: ஊர் தன் பங்கைச் செய்யாவிட்டால் பில்டர் நீதிமன்றம் போய், மலிவு வீடுகளும் சேர்த்துக் கட்டுகிறேன் என்று சொல்லி, ஊரின் மண்டலச் சட்டத்தைத் தாண்டிக் கட்டும் உரிமை வாங்கலாம். 1985-ல் இதற்கு ஒரு சட்டமும், அமல்படுத்த ஒரு கவுன்சிலும் வந்தன. அந்தக் கவுன்சில் பிற்காலத்தில் முடங்கிப்போய், 2015-ல் விஷயம் திரும்ப நீதிமன்றங்களின் கைக்கு வந்தது. வெஸ்ட் விண்ட்சரே இதில் ஒரு பெயர் பெற்ற ஊர். டோல் பிரதர்ஸ் என்ற பெரிய பில்டர் தொடுத்த வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் ஊருக்கு எதிராக, பில்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-ல் மெர்சர் கவுண்டி நீதிமன்றம் 1999-லிருந்து 2025 வரையிலான பங்காக வெஸ்ட் விண்ட்சருக்கு 1,500 மலிவு வீடுகள், பிரின்ஸ்டனுக்கு 753 என்று எண்ணிக்கை நிர்ணயித்தது. ரயில் நிலையத்தை ஒட்டியும் ரூட் 1 பக்கமும் புது அபார்ட்மென்ட்கள் முளைப்பதைப் பார்க்கிறீர்களே, அதில் பெரும்பகுதி ஊருக்குத் திடீரென்று இரக்கம் வந்து நடந்ததல்ல, இப்படித் தள்ளித் தள்ளி நடந்தது. மார்ச் 2024-ல் புதுச் சட்டம் வந்து, செயலிழந்து கிடந்த அந்தக் கவுன்சிலை ஒழித்துவிட்டு 2025-லிருந்து 2035 வரைக்குமான அடுத்த சுற்றைத் தொடங்கி வைத்திருக்கிறது. வழக்கம்போல அதையும் எதிர்த்துச் சில ஊர்கள் வழக்குப் போட்டன.

யாருக்காக இதெல்லாம் என்றால், கணக்கைப் பாருங்கள். 2025-ல் நியூ ஜெர்சியில் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். வருடம் முழுக்க முழுநேரம் உழைத்தால் சுமார் 32,200. வருமானத்தில் 30 சதவீதம் வாடகைக்கு என்ற வழக்கமான அளவில் மாதம் 805 டாலர். இருவர் உழைத்தாலும் 1,610. ப்ளெயின்ஸ்பரோவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நோவோ நார்டிஸ்க்கின் அமெரிக்கத் தலைமையகம் இருக்கிறது, ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிறவர், நாம் சனிக்கிழமை தோசை சாப்பிடுகிற கடையில் பாத்திரம் கழுவுகிறவர், உங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற டேகேர் அக்கா, யாரும் இந்த ஊரில் சந்தை வாடகையில் இருக்க முடியாது. ட்ரென்டனிலிருந்தும் ஹைட்ஸ்டவுனிலிருந்தும் வருகிறார்கள்.

மலிவு வீடு என்றால் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தந்தப் பகுதியின் இடைநிலை (மீடியன்) வருமானத்தில் 80 சதவீதம் வரை 'மாடரேட்' என்று கணக்கு. வெஸ்ட் விண்ட்சரும் ப்ளெயின்ஸ்பரோவும் ஒரே பள்ளி மாவட்டம் என்றாலும் இதற்கு வேறு வேறு பகுதிகள், ஏனென்றால் கவுண்டி வேறு. மிடில்செக்ஸ் சேரும் பகுதியில் நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த வரம்பு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம், எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) வேலைக்குப் போக முடியாத மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் நம் ஆட்கள் பலர் தகுதி பெறுவார்கள். குலுக்கல் முறை, காத்திருப்புப் பட்டியல் நீளம், ஆனால் விண்ணப்பம் போடாதவருக்கு நிச்சயம் கிடைக்காது. உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் பின்னால் வருகிற யாருக்காவது சொல்லுங்கள்.

வாடகைக்காரராக உங்களுக்கு இங்கே இருக்கிற பாதுகாப்பு டெக்சாஸில் கனவிலும் கிடையாது, இதைப் பலர் தெரிந்துகொள்வதே இல்லை. 1974-லிருந்து ஒரு சட்டம்: லீஸ் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது, சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று வேண்டும். வாடகை பாக்கி, வீட்டை நாசமாக்குவது, இப்படி. வீட்டுக்காரரும் குடியிருக்கிற இரண்டு மூன்று குடித்தனச் சின்னக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. இதனால்தான் பெரிய வளாகத்தைச் சிபாரிசு செய்கிறேன். தனியாரின் டவுன்ஹவுஸில் வீட்டுக்காரர் "நாங்களே குடிவரப் போகிறோம்" என்றோ, குடிவரப் போகிற ஒருவருக்கு விற்கிறேன் என்றோ சொன்னால் நிலைமை வேறு, பள்ளி வருடத்தின் நடுவில் பெட்டி கட்ட வேண்டி வரலாம். நம் ஆட்களே வீட்டுக்காரர் என்றால் "எல்லாம் வாய்வார்த்தையாகப் பேசிக்கொள்ளலாம் சார்" என்பார்கள். வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

டெபாசிட் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அது வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும், காலி செய்த 30 நாளுக்குள் கணக்குக் காட்டித் திருப்ப வேண்டும், நியாயமில்லாமல் பிடித்துக்கொண்டால் இரட்டிப்பாகக் கேட்டு வழக்குப் போடலாம். ஒரு வளாகத்தில் கார்பெட் கறை என்று பெருந்தொகையைப் பிடிக்கப் பார்த்தார்கள், குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களையும் இந்தச் சட்டத்தைச் சொல்லி ஒரு கடிதத்தையும் அனுப்பினேன், முழுப்பணமும் வந்தது. வாடகை உயர்வுக்கு மாநிலம் முழுவதற்குமான வரம்பு கிடையாது, ஊருக்கு ஊர் வேறு, டவுன்ஷிப் கிளார்க்கிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். புதுக் கட்டடங்களுக்குப் பொதுவாக 30 வருடம் வரை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு, அதனால் ரயில் நிலையம் பக்கத்துப் பளபளப்பில் "முதல் இரண்டு மாதம் இலவசம்" என்று சொன்னால் அடுத்த வருடம் எந்த வாடகையிலிருந்து உயர்த்துவார்கள் என்று கேளுங்கள். வருடாந்திர வரியில், கொடுத்த வாடகையில் 18 சதவீதத்தை ப்ராப்பர்டி டேக்ஸாகக் கருதி நியூ ஜெர்சி வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், இதைக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம்.

ரயிலைப் பற்றி. வேகமான வண்டியில் நியூயார்க் பென் ஸ்டேஷன் ஒரு மணி நேரத்தை ஒட்டி, எல்லா ஊரிலும் நிற்கும் வண்டியில் இன்னும் இருபது நிமிடம் கூட. கட்டணம் ஜூலை 2024-ல் 15 சதவீதம் ஏறியது, அதன்பின் வருடா வருடம் மூன்று சதவீதம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். மூன்று நாள் மட்டும் போகிறவருக்கு மாதப் பாஸ் லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கட்டாது. நிலையத்தில் பார்க்கிங் இரண்டு வகை, சில இடங்கள் வெஸ்ட் விண்ட்சர்வாசிகளுக்கு மட்டும். ப்ளெயின்ஸ்பரோவில் குடியிருந்தால் நீங்கள் வெளியூர்க்காரர், பத்து நிமிட தூரத்தில் இருந்தாலும். லீஸ் போடும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2015-ல் பிள்ளைகளின் மன அழுத்தத்தைப் பார்த்து மாவட்டமே மிட்டெர்ம், ஃபைனல் தேர்வுகளை எடுத்துவிட வேண்டி வந்த ஊர் இது. அப்போது இந்தியப் பெற்றோரும் சீனப் பெற்றோரும் அதை எதிர்த்தது பெரிய செய்தியாக வந்தது. இரண்டு வருடம் வாடகையில் இருந்து பார்த்தால் உங்கள் மகளுக்கு இந்தக் காற்று ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும். ஒத்துவராவிட்டால் ராபின்ஸ்வில், சவுத் பிரன்ஸ்விக், லாரன்ஸ் எல்லாம் கையெட்டும் தூரம். வாங்கிவிட்டு இரண்டு வருடத்தில் விற்றால் கமிஷன், டிரான்ஸ்ஃபர் ஃபீ, வக்கீல் எல்லாம் சேர்ந்து ஆறு சதவீதம் போனால்கூட 8,50,000 வீட்டில் 51,000 டாலர் காலி.

விசா நிலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எச்-1பி என்றால், வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பதை வைத்துக்கொண்டு 30 வருடக் கடன் எடுப்பது உங்கள் தைரியம். மே 2025-லிருந்து எஃப்எச்ஏ கடன் (மத்திய அரசு உத்தரவாதம் தரும், குறைந்த முன்பணத்துக்குக் கிடைக்கும் வீட்டுக் கடன்) கிரீன் கார்டு இல்லாதவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது, சாதாரண வங்கிக் கடன் கிடைக்கும்.

அப்படியும் வாங்கியே தீருவோம் என்றால் சில விஷயங்கள் மட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பின் மூன்று வேலை நாள் அட்டர்னி ரிவியூ (வக்கீல் பார்த்துச் சொல்லும் அவகாசம்) உண்டு, அதற்குள் இருபக்கமும் விலகலாம், வக்கீல் இல்லாமல் வாங்காதீர்கள். போட்டிக்காக இன்ஸ்பெக்ஷனை விட்டுக்கொடுக்காதீர்கள். ரேடானும் (மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு), பூமிக்கடியில் மறந்துபோன எண்ணெய்த் தொட்டியும் இந்த மாநிலத்தின் தனிச்சொத்து, தொட்டி கசிந்திருந்தால் சுத்தம் செய்கிற செலவு உங்கள் தலையில். வெள்ளம் கேளுங்கள். செப்டம்பர் 2021-ல் ஐடா புயலின் மிச்சம் மத்திய ஜெர்சியைப் புரட்டிப்போட்டது, மில்ஸ்டோன் ஆற்றோரம் எல்லாம் நாசம். மார்ச் 2024-லிருந்து விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் வெள்ள அபாயத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும், அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். வாடகைக்கும் இது பொருந்தும், தரைத்தளம் என்றால் கட்டாயம்.

உடனே செய்ய வேண்டியது: வீடுகள் காலியாவது மே முதல் ஆகஸ்ட் வரை, வாடகையும் அப்போதுதான் உச்சம். ஜனவரி, பிப்ரவரியில் வர முடிந்தால் பேரம் பேச இடம் இருக்கும், 13 அல்லது 15 மாத லீஸ் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அடுத்த முடிவு தேதி பள்ளி விடுமுறையில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டர்கார்டன் பதிவு முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். கையெழுத்தான லீஸ், முகவரி காட்டும் ஒன்றிரண்டு பில்கள், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, டாக்டரின் உடல் பரிசோதனைப் படிவம் இவ்வளவும் கேட்பார்கள். எந்தத் தொடக்கப்பள்ளி என்பது முகவரியைப் பொறுத்தது, வளாகத்துக்கு வளாகம் மாறும், அதனால் லீஸில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கட்டட எண்ணைச் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டாலஸ் டாக்டரிடம் தடுப்பூசிப் பதிவைக் கிளம்பும் முன்னாலேயே கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வாருங்கள், இங்கே புது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ரொம்ப நாளாகும்.